ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு கிறிஸ்துமஸ் கதை



திருவருகைக் காலம் தொடங்கியதும் கிறிஸ்துமஸ் கதைகளின் ஒலித்தொகுப்புகள் நம் கைபேசிகளை வந்தடைகின்றன. டிக்கன்ஸ், டால்ஸ்டாய், ஓ ஹென்றி என்று பல கதைகளை இன்று செலவின்றிக் கேட்கலாம். 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் அமைப்பில், காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் தங்கள் சொந்தக் குரலில் வாசித்து இலவசமாக வழங்குகிறார்கள். கிறிஸ்துமஸ் சிறுகதைகளுக்கென்றே அங்கே தொகுப்புகள் உண்டு. முகமறியாத ஒருவர் நமக்காக உட்கார்ந்து வாசித்துத் தருவதை நான் ஓர் ஊழியமாகவே மதிக்கிறேன். கண்பார்வை மங்கிய நம் மூத்தோருக்கு அது எவ்வளவு பெரிய கொடை!

வேலை செய்துகொண்டே கேட்பதையும் நான் குறைகூறமாட்டேன். மேய்ப்பர்கள் நற்செய்தியைக் கேட்டது மந்தையைக் காவல்காத்துக்கொண்டிருந்த வேளையில்தான். நம் குருசுக்குப்பத்தில் வலையைச் சீர்செய்தபடியே கதை கேட்பவரின் கை வேலையில் இருந்தாலும் காது திறந்தே இருக்கிறது. என் வழக்கெல்லாம் திரையின் ஓரத்திலுள்ள அந்தச் சிறிய எண்ணோடுதான். 1.5 என்றும் 2 என்றும் அழுத்தி, ஒரு மணி நேரக் கதையை அரைமணியில் முடித்துவிட்டோம் என்று மகிழ்கிறோமே, அதைப் பற்றித்தான்.

இதைப் பற்றி ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கதை எழுதப்பட்டிருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதேயின் 'மூன்று சிறு பூசைகள்' அது. நம் நகரத்தில் பிரெஞ்சு வழியில் கற்ற பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். பிரபு ஒருவரின் கோட்டையில் பலாகேர் என்னும் குரு கிறிஸ்துமஸ் இரவில் மூன்று பூசைகளை அடுத்தடுத்து நிறைவேற்ற வேண்டும். பூசைக்கு முன்பே, சமையலறையில் வான்கோழிகள் தயாராகும் செய்தியை அவர் காதில் போட்டுவிடுகிறான் கோயிற்பையன் உருவில் வந்த சாத்தான். முதற்பூசை எப்படியோ நடந்துவிடுகிறது. இரண்டாவதில் சொற்கள் பாதியாகின்றன. மூன்றாவதில் பக்கங்களே பறக்கின்றன. மணி ஓயாமல் ஒலிக்க, எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்று அறியாமல் சபையார் திண்டாடுகிறார்கள். அவர்களுக்கும் உள்ளூர விருந்தின் மேல்தான் கண். அன்றிரவே அளவுமீறி உண்டு குரு இறந்துபோகிறார். அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை, அவசரப்பட்ட அதே சபையாரோடு அதே ஆலயத்தில் முந்நூறு கிறிஸ்துமஸ் பூசைகளை நிறைவேற்றுவது.

நம் ஆராதனையில் மூன்று பூசை வழக்கம் இல்லை. ஆனால் பலாகேர் நமக்கு அந்நியரல்லர். பிரசங்க பீடத்தில் நிற்கிறவர்களுக்கு இந்தக் கதை இன்னும் கொஞ்சம் சுடும். அவர் ஒரு சொல்லையும் மறுதலிக்கவில்லை, விசுவாசத்தை விட்டு விலகவுமில்லை. விரைந்தார், அவ்வளவே. இந்தக் கதையையே இரட்டை வேகத்தில் கேட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அந்த எண்ணுக்கு அருகில் இன்னொரு பொத்தானும் இருக்கிறது: சில வினாடிகளைத் தாண்டிச் செல்வது. அதை நாம் வேதத்தின் மீதும் பயன்படுத்துகிறோம் என்பதே என் அச்சம். மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் சாஸ்திரிகள் பொன்னோடு வந்ததும் நம் நாடகங்கள் திரை விழுந்து முடிகின்றன. ஏரோது குழந்தைகளைக் கொன்றதும் ராகேலின் அழுகையும் அதே அதிகாரத்தில்தான் உள்ளன. 2004ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, கடல் எழுந்த கரை நம்முடையது. கடற்கரைக் கற்சுவர் நகரத்தைப் பெரிதும் காத்தது. காரைக்காலிலோ நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அப்படிப்பட்ட கரையில் வாழும் நமக்கு, அழுகையைத் தாண்டிச் செல்லும் கிறிஸ்துமஸ் கதை எதற்குப் பயன்படும்?

மூன்றாவதாகக் காதுக்குள் செருகும் கருவி. டிக்கன்ஸ் 1853 டிசம்பரில் பர்மிங்காம் நகர மண்டபத்தில் தம் கிறிஸ்துமஸ் கதையைத் தாமே வாசித்தார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்றாம். உழைக்கும் மக்களும் வரவேண்டும் என்று ஒருநாள் வாசிப்புக்குக் கட்டணத்தைக் குறைத்தார். (பிற்காலத்தில் அவரே கதையைச் சுருக்கிக்கொண்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.) அங்கே ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து சிரித்தார்கள். நம் வீட்டிலோ பேரன் ஒரு மூலையில் கதை கேட்டுத் தனியாகச் சிரிக்கிறான். என்ன சிரிப்பு என்று பாட்டி கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். உபாகமம் 6ஆம் அதிகாரம் இஸ்ரவேலரைக் கேட்கும்படி அழைத்து, உடனே கேட்டதை வீட்டில் உட்கார்ந்திருக்கையிலும் வழி நடக்கையிலும் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பீர்கள். செருப்புத் தைக்கும் மார்ட்டினின் கதையைச் சொல்வேன். 1885இல் டால்ஸ்டாய் எழுதியதாக நாம் அறிவோம். அதன் மூலக்கதை ரூபன் சையன்ஸ் என்னும் பிரெஞ்சுப் போதகருடையது. ஆண்டவர் வருவார் என்று நாள் முழுதும் சன்னலைப் பார்த்துக் காத்திருக்கும் மனிதனின் கதை அது. அந்தக் காத்திருப்பை விரைவுபடுத்தினால் கதையில் மிஞ்சுவது மிகக் குறைவு.

சபையில் சிறிய ஒலிபெருக்கி ஒன்று இருக்கிறது. ஜெபக்கூட்டம் இல்லாத மாலைகளில் அது சும்மாதான் இருக்கும். தனித்து வாழும் மூத்தோர் வீட்டுக்குப் பிள்ளைகள் எடுத்துச் செல்ல விரும்பினால் மூப்பரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் மாலைக்குள் திருப்பித் தந்தால் போதும்.