பவர் எதற்கு, பொருத்தம் போதும்

2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். அப்போது அவர் மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். ஊர் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். 2010இல் மியூனிக்கில் உலக சாம்பியன் பட்டம் வென்ற தேஜஸ்வினி சாவந்தும் அதே கோலாப்பூர்தான். இப்படி ஒரு பதக்கம் வந்துவிட்டால் போதும், நாட்டின் பல ஊர்களில் ஒரே காட்சியைப் பார்க்கலாம். துப்பாக்கிக் கடை வாசலில் பள்ளிச் சீருடையோடு பிள்ளை முன்னால் நிற்கும். சேமிப்புக் கணக்கை மனதுக்குள் கூட்டிக் கழித்தபடி அப்பா பின்னால் நிற்பார்.

"எவ்வளவு பவர் வேணும், சாகேப்?" என்பார் கடைக்காரர்.

வியாபாரம் வழிதவறுவது இந்தக் கேள்வியில்தான். குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் பவருக்கு எந்த மரியாதையும் கிடையாது. ஆனால் புதிதாக வருபவர்களில் பலர் வாங்குவது அதைத்தான். ஆறு மாதத்தில் அந்தத் துப்பாக்கி அலமாரிக்கு மேலே போய்விடும். பயிற்சியாளர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "இது போட்டிக்கு ஆகாது" என்று சொல்லும்போதுதான் அப்பாவுக்கு விஷயம் புரியும்.

முதலில் சட்டம். இந்தியாவில் துப்பாக்கி என்றாலே லைசென்ஸ், போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ் என்று பயப்படுபவர்கள் ஒரு பக்கம். "ஏர்கன்தானே, பொம்மை மாதிரி" என்று அலட்சியம் காட்டுபவர்கள் மறுபக்கம். இரண்டு தரப்பும் சட்டத்தைப் படித்ததில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் கோட்டைத் தெளிவாகவே கிழித்திருக்கின்றன. காற்று ரைஃபிளின் குழல் துளை 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. குண்டு வெளிவரும் சக்தி 20 ஜூலைத் தாண்டக்கூடாது. இந்த இரண்டுக்கும் உட்பட்டதற்கு லைசென்ஸ் தேவையில்லை. கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். 0.22 அங்குலக் காற்று ரைஃபிள், அல்லது 20 ஜூலைத் தாண்டும் ரகம் என்றால் லைசென்ஸ் உலகத்துக்குள் காலை வைத்தாயிற்று.

இதில் வேடிக்கை, ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்று ரைஃபிள் போட்டிக்கு உரிய துப்பாக்கியும் இதே 4.5 மி.மீ.தான். அரை கிராமுக்குச் சற்று அதிகமான எடையுள்ள பெல்லட், விநாடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கணக்குப் போட்டால் சக்தி ஏறத்தாழ 8 ஜூல். சட்டம் லைசென்ஸ் இல்லாமல் அனுமதிக்கும் அளவில் பாதிகூட இல்லை. 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்தது இந்த 10 மீட்டர் போட்டியில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாதில் வளர்ந்து, டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்துவிட்ட இளவேனில் வாலறிவனின் போட்டியும் இதுவே. ஆக, புதியவருக்குச் சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாக எதை உள்ளே கொண்டுவருவது என்பதுதான் கேள்வி.

10 மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கில் பத்துக்கான புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பேனா முனைப் புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தொடுவதற்குக் குண்டு வேகமாகப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி போக வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் குழலை மடக்கும் ஸ்பிரிங் ரகம் இதில்தான் கோட்டை விடுகிறது. டிரிகரை அழுத்தியதும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. குண்டு குழலை விட்டுக் கிளம்பும் முன்பே துப்பாக்கி உதறிவிடுகிறது. பவர் கூடக்கூட உதறலும் கூடும். பிடியில் கொஞ்சம் மாறினாலும் குண்டு வேறு இடத்தில் போய் விழும். தப்பு தன்னுடையதா, துப்பாக்கியுடையதா என்று பழகும் பிள்ளைக்குத் தெரியாமலே போகும்.

அழுத்தப்பட்ட காற்றை சிலிண்டரில் அடைத்து வைத்துக்கொள்ளும் ரகத்தில் இந்த உதறல் ஏறக்குறைய இல்லை. ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்டெயர் போன்ற கம்பெனிகளின் போட்டி ரைஃபிள்கள் இந்த வகை. விலை லட்சங்களில். வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்கு அரசின் கட்டுப்பாடு உண்டு. வீரர்களுக்கான சலுகைகள் தேசிய ரைஃபிள் சங்கத்தின் சிபாரிசோடு வருபவை. இந்தியாவிலும் மகாராஷ்டிரத்தின் பிரிசிஹோல் போன்ற நிறுவனங்கள் காற்று ரைஃபிள்கள் தயாரிக்கின்றன. இறக்குமதிச் சரக்கைவிட விலை குறைவு, பழுது பார்க்க ஆள் பக்கத்திலேயே உண்டு. பழகும் கைக்கு உள்நாட்டு ரைஃபிள் ஒன்றும் அவமானமில்லை.

லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருபவரிடம் அனுபவசாலிப் பயிற்சியாளர்கள் சொல்வது வேறு. ரைஃபிளைக் கடைசியாக வாங்குங்கள் என்பார்கள். முதலில் கிளப். 1951இல் தொடங்கப்பட்ட தேசிய ரைஃபிள் சங்கத்தோடு இணைந்த மாநிலச் சங்கங்களும் அவற்றின் கீழ் மாவட்ட கிளப்களும் நாடெங்கும் இருக்கின்றன. அங்கே பொது ரைஃபிள்கள் இருக்கும். சில மாதங்கள் அவற்றில் சுட்டால் போதும். பிள்ளைக்கு இந்த விளையாட்டில் பொறுமை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 75 நிமிடத்தில் 60 முறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே காரியத்தைச் செய்யும் விளையாட்டு இது. தொலைக்காட்சியில் பார்த்த உற்சாகம் பலருக்கு இரண்டாவது வாரத்திலேயே வடிந்துவிடும். வடிந்தால் நஷ்டம் கிளப் கட்டணம் மட்டும்.

உற்சாகம் நின்றுவிட்டால் அடுத்த செலவு கோட்டு. முதுகையும் இடுப்பையும் தாங்கும் கனமான கான்வாஸ் கோட்டு உடல் அளவுக்குத் தைக்கப்படுவது. ரைஃபிளை இரவல் வாங்கலாம், கோட்டை வாங்க முடியாது. அடுத்தவர் கோட்டில் நின்று பழகினால் நிற்கும் முறையே கெட்டுவிடும். ஆனால் வளரும் பிள்ளைக்குக் கோட்டு ஓரிரு வருடத்தில் சிறிதாகிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பிறகுதான் சொந்த ரைஃபிள். அதிலும் பிராண்டுக்கு முன் உடம்பு. ரைஃபிளைத் தோளில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை அதன் இடத்தில் சாய்த்து, பிறகு கண்ணைத் திறக்கச் சொல்ல வேண்டும். சைட் நேராகக் கண் முன்னால் இருந்தால் பொருத்தம் சரி. கழுத்தை நீட்டியோ குனிந்தோ தேட வேண்டியிருந்தால் பொருத்தமில்லை. தோளில் பதியும் பகுதியும் கன்னம் சாயும் பகுதியும் மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்த்தக்கூடியவையாக இருப்பது வளரும் பிள்ளைகளுக்கு மிக அவசியம். போட்டி விதிப்படி ரைஃபிளின் உச்ச எடை 5.5 கிலோ. அது உச்ச வரம்புதான். அவ்வளவு கனம் இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 35 கிலோ எடையுள்ள பிள்ளையிடம் அதைக் கொடுத்தால் சீக்கிரமே முதுகுவலி வரும். சிறுவர்களுக்கென்றே குட்டையான, எடை குறைந்த மாடல்கள் உண்டு.

கண்ணையும் பார்க்க வேண்டும். எழுதுவது வலது கையில், ஆனால் வலுவான கண் இடது என்று பலருக்கு இருக்கும். இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி, நடுவே சிறு ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்தில் ஒரு பொருளைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால் தெரிந்துவிடும். எந்தக் கண்ணைத் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள் நிற்கிறதோ, அதுவே வலுவான கண். பல லட்சம் கொடுத்து வலது கை ரைஃபிள் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்த குடும்பங்கள் உண்டு.

பழைய ரைஃபிள் வாங்குவது நல்ல யோசனை. போட்டி ரைஃபிள்கள் லேசில் தேய்வதில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. பல தயாரிப்பாளர்கள் சிலிண்டருக்குப் பத்து வருட ஆயுள்தான் தருகிறார்கள். 200 பார் அழுத்தத்தை அடக்கி வைத்திருக்கும் பொருள் அது. காலாவதியானதைக் காற்றடித்துப் பயன்படுத்துவது கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து. போட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள். புது சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும். காற்றை நிரப்பி ஓர் இரவு வைத்து, காலையில் முள் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது சோதனை. ரைஃபிளைத் தாங்கி மேல் வைத்து, ஒரே டப்பா பெல்லட்டில் பத்து முறை 10 மீட்டரில் சுடுவது மூன்றாவது. பத்தும் சேர்ந்து ஏறக்குறைய ஒரே ஓட்டையாக விழ வேண்டும்.

வயது விஷயத்திலும் தெளிவு வேண்டும். லைசென்ஸ் தேவைப்படும் துப்பாக்கிக்குச் சொந்தக்காரராக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால் பயிற்சிக்காக, பெரியவர் ஒருவரின் நேரடி மேற்பார்வையில், 12 வயதிலிருந்தே சுடப் பழகச் சட்டம் இடம் தருகிறது. குசாலேயைப் போல 0.22 ரைஃபிளுக்குப் போக விரும்புபவர் லைசென்ஸ் வாங்கியே தீர வேண்டும். இங்கேயும் சட்டம் விளையாட்டு வீரரைத் தனியாகப் பார்க்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, மத்திய அரசு அங்கீகரித்த ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் குறி பார்த்துப் பழகுவதற்காகக் கேட்கும் 0.22 ரைஃபிளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி லைசென்ஸ் மறுக்கக்கூடாது என்கிறது 14ஆவது பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், மேல்முறையீடும் உண்டு. கவுன்டரில் இருக்கும் குமாஸ்தா இதையெல்லாம் தானாக முன்வந்து சொல்ல மாட்டார். விண்ணப்பிப்பவர் தெரிந்துகொண்டு போவது நல்லது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் சாதாரணக் குடிமகன் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. சாதனை வீரர்களுக்கு விலக்கும் கூடுதல் எண்ணிக்கையும் தனியாக உண்டு.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் காற்று ரைஃபிள் விளையாட்டுச் சாமானாகிவிடாது. எட்டு ஜூல் ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். அருணாசலப் பிரதேசத்தில் ஏர்கன்களால் பறவைகள் அழிந்துகொண்டிருந்ததைப் பார்த்து, 2021 மார்ச்சில் மாநில அரசு அவற்றைத் தாமாக ஒப்படைக்கச் சொல்லி ஓர் இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது. கிராமத்து மக்கள் ஆயிரத்துக்கும் அதிகமான ஏர்கன்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காட்டுப் பறவையைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஸ்பிரிங்கை மாற்றி "பவர் ஏத்தித் தர்றேன்" என்று கிளம்பும் மெக்கானிக்கிடமும் எச்சரிக்கை தேவை. 20 ஜூலைத் தாண்டிய நிமிடத்தில் வீட்டில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம்.

எனவே ரைஃபிள் ஒரு பெட்டியில், பெல்லட் வேறொரு பெட்டியில், சாவி பெரியவர் கையில். இலக்குக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடித்துவைக்கும் இரும்புப் பெட்டி இல்லாமல் வீட்டில் சுடக்கூடாது. சுவரில் பட்டுத் திரும்பி வரும். வெளியே எடுத்துப் போகும்போது மூடிய உறை, பில், கிளப் அட்டை மூன்றும் கூடவே இருந்தால் சாலைச் சோதனையில் தலைவலி இல்லை.

வீட்டில் செய்யக்கூடிய சிறந்த பயிற்சிக்கு பெல்லட்டே தேவையில்லை. சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி, வெறும் ரைஃபிள், தினம் அரை மணி நேரம். போட்டி ரைஃபிள்கள் பலவற்றில் காற்றை வெளியேற்றாமல் டிரிகரை மட்டும் இயக்கும் வசதி இதற்காகவே இருக்கிறது. ஸ்பிரிங் ரைஃபிளில் மட்டும் இதைச் செய்யக்கூடாது, பிஸ்டன் உடைந்துவிடும்.

கடை வாசலில் நிற்கும் அப்பாவுக்கு இவ்வளவும் தெரிந்திருந்தால் அன்றைக்கு வெறுங்கையோடு திரும்புவார். பிள்ளையின் முகம் சுருங்கும். ஆனால் கிளப்பில் ஆறு மாதம் கழித்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, தனக்குப் பொருந்தும் ரைஃபிள் எது என்று பிள்ளையே சொல்லும் நிலை வந்த பிறகு, இருவரும் திரும்பவும் அதே கடைக்கு வரலாம். கடைக்காரர் பழைய கேள்வியையே கேட்பார்.

"எட்டு ஜூல் போதும். கன்னக் கட்டை நகருமா, அதைச் சொல்லுங்க" என்று இந்த முறை பிள்ளையே பதில் சொல்லும்.