பழைய வீடு, புது அறை, நடுவில் மழை



நாங்குநேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தாத்தா காலத்துச் சீமை ஓட்டு வீடு. மகனுக்குத் தையில் கல்யாணம். புறவாசலில் பத்தடிக்கு ஓர் அறை எடுக்க வேண்டும். பழைய கூரையும் புதுக் கூரையும் சேர்கிற இடத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கொத்தனாரைக் கேட்டால், "அதெல்லாம் சிமென்ட வச்சு அடைச்சிருலாம்க்கா" என்கிறாராம். அடைக்கலாமா என்று நம்மிடம் கேட்கிறார்.

அடைக்கலாம். ஒரு கார்த்திகை வரை தாங்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் பெய்த மழையை வைத்து எந்தக் கூரையையும் குறை சொல்ல முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆனால் சாதாரண ஐப்பசித் தூறலுக்கே குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வீடுகள் எத்தனை! அங்கெல்லாம் பெரும்பாலும் நடுக்கூரை ஒழுகுவதில்லை. பின்னால் ஒட்டி எடுத்த இடம்தான் ஒழுகுகிறது.

முதலில் உயரக் கணக்கைப் பார்ப்போம். 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஆலையிலிருந்து பரவியதுதான் இந்தச் சீமை ஓடு. ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் என்றாலும், தண்ணீர் வேகமாக வழிந்தால்தான் அது காக்கும். 25, 30 டிகிரியாவது சரிவு வேண்டும். பழைய கூரையை 30 டிகிரியிலேயே பத்தடி நீட்டினால் நுனி ஏறக்குறைய 5¾ அடி கீழே போய்விடும். இறவாரம் எட்டடி உயரத்தில் இருந்தால் புது அறையின் பின்சுவர் இரண்டேகால் அடிதான் நிற்கும்; புதுமாப்பிள்ளை தவழ்ந்து போக வேண்டியதுதான். அதனால் பலரும் சரிவைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். மேற்கூரைத் தண்ணீர் முழுதும் பாய்ந்து வந்து அந்தத் தட்டையில் தயங்கி நிற்கும். காற்றும் சேர்ந்தால் ஓட்டிடுக்கு வழியே ஏறி உள்ளே இறங்கும்.

தளமே போட்டுவிடலாம் என்பவர்கள் அதை இறவாரத்துக்கு மேலே தூக்குகிறார்கள். அப்போது பழைய கூரைத் தண்ணீர் நேராகப் புதுச் சுவரில் முட்டும். நடுவில் தகர வாய்க்கால் வைத்து வெளியே தள்ளலாம். வேப்பஞ்சருகு விழுந்து அடைத்துக்கொண்டால் அந்த வாய்க்கால் வீட்டுக்குள்தான் திரும்பும்.

சரி, சிமென்ட் ஏன் நிற்பதில்லை? பழைய சுவர் இத்தனை வருஷத்தில் மண்ணை அழுத்தி உட்கார்ந்து முடித்துவிட்டது. புதுச்சுவர் இனிமேல்தான் உட்காரும். கரிசல் கலந்த இடமென்றால் மண் மழைக்கு உப்பிக் கோடைக்குச் சுருங்கும். வெயில் வேறு. 10 மீட்டர் நீளக் கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறி இறங்கினால் 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. பழசும் புதுசும் இரண்டு விதமாக அசையும்போது நடுவிலுள்ள பூச்சு விரிசல் விடாமல் என்ன செய்யும்? மழைக்கு மயிரிழை போதும்.

ஆகவே சேரும் இடத்தில் ஒட்டாதீர்கள், படிய விடுங்கள். மேலே இருப்பது கீழே இருப்பதன்மேல் படிய வேண்டும். புதுக் கூரை பழைய சுவரில் வந்து சேர்ந்தால், கூரைக்குச் சற்று மேலே சுவரில் ஓரங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, தகரத்தின் மடித்த விளிம்பை அதில் செருகிப் பூசுங்கள். தகரத்தின் மறுபக்கம் ஓட்டின்மேல் அரையடியாவது சும்மா படிந்து கிடக்கட்டும். அங்கே ஆணி வேண்டாம். இரண்டு பக்கமும் அடித்துவிட்டால் தகரமும் கிழியும், சுவரும் பெயரும். தளத்தோடு தளம் சேர்க்கிறவர்களுக்கும் இதே புத்திதான். பழைய தளத்தில் துளையிட்டுக் கம்பி செருகிக் கட்டிவிட்டால், புதுசு இறங்கும்போது பழசையும் இழுக்கும். தனித் தூண், ஓரங்குல இடைவெளி, அதன்மேல் ஒரு பக்கம் மட்டும் பிடித்த மூடி.

இதற்கு நம் பக்கமே ஒரு பழைய உதாரணம் உண்டு. திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலும் காந்திமதி அம்மன் கோயிலும் தனித்தனியாகத்தான் இருந்தன. 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் சங்கிலி மண்டபம் கட்டி இரண்டையும் இணைத்தார். தன் தூண்களில் தான் நிற்கிற மண்டபம் அது. அடுத்த முறை போகும்போது நடந்து கடந்துவிடாமல் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

நாங்குநேரி வாசகிக்கு என் யோசனையும் அந்த வழிதான். இடமிருந்தால் மூன்றடி முற்றம் விட்டு அறையைத் தனியாக, தன் உயரத்தில் எடுங்கள். நடுவே நடைக்கு மட்டும் ஒரு சின்னக் கூரை. நம் பழைய வீடுகளில் அடுக்களையைத் தள்ளிக் கட்டியவர்கள் புகைக்காக மட்டுமா தள்ளினார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இடமில்லையென்றால் புதுக் கூரையின் முகட்டைக் குறுக்கே திருப்பிப் பழைய சரிவில் ஏற்றுங்கள். இரண்டு கூடல்வாய் விழும். இரண்டு சரிவின் தண்ணீரும் அங்கேதான் சேரும் என்பதால் தகரத்தை அகலமாகப் போடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையில் தாய்க் கொட்டாரம் 16-ஆம் நூற்றாண்டு, உப்பரிகை மாளிகை 18-ஆம் நூற்றாண்டு. காலம் காலமாகச் சேர்த்துக்கொண்டே போன அந்த ஓட்டுக் கூரைகள் எப்படிச் சந்திக்கின்றன என்று கொத்தனாரையும் கூட்டிப்போய்க் காட்டலாம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை மறந்துவிடாதீர்கள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுதான் நம் தகர விளிம்பையும் கிளப்புகிறது. ஆடியில் விலகியது ஐப்பசியில்தான் தெரியவரும். ஆவணியில் ஒருதரம் ஏணி வைத்து ஏறிப் பார்த்துச் சருகையும் தள்ளிவிடுவது நல்லது.

ஒட்டி எடுத்தும் ஒழுகாத கூரை உங்கள் வீட்டில் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். கட்டியவர் சம்மதித்தால் அவர் பெயரோடு வெளியிடுவோம். நாங்குநேரி அம்மா, புரட்டாசிக்குள் ஓடு வேய்ந்து முடித்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகையை அலுவலக முகவரிக்கே அனுப்பலாம்.

அன்புடன்,
ஆசிரியர்