பழமையின் சாயலில் ஒரு கடிகாரம்

சென்ற திங்கள் நம் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். கூடத்துச் சுவரில் பெண்டுலக் கடிகாரம் ஒன்று புதிதாகத் தொங்கிற்று. தேக்கு நிறச் சட்டம், உரோமன் எண்கள், மஞ்சளேறிய முகப்பு. நூறாண்டு கண்ட பொருளாகவே தோன்றிற்று. புதிதாக வேலையில் சேர்ந்த மகள், தன் முதல் மாத ஊதியத்தில் நான்காயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து, இணையக் கடையில் தேடி எடுத்துத் தந்தைக்கு அனுப்பியது அது.

முன்பு அதே ஆணியில் அவருடைய தந்தையார் காலத்துக் கடிகாரம் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, ஓடாத கடிகாரம் எதற்கென்று, பழைய சாமான் வாங்க வந்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே மகள் இதனை வாங்கினாள்.

“வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டுமல்லவா?” என்று கேட்டோம். நண்பர் சிரித்தார். முகப்பில் சாவித் துளைகள் இரண்டு இருந்தன. அருகிற் சென்று நோக்கினால் அவை அச்சிட்ட கறுப்புப் புள்ளிகள்! பின்னர்ப் பெண்டுலத்தைக் கழற்றி நம் கையில் கொடுத்தார். கடிகாரம் தன் போக்கில் ஓடிக்கொண்டே இருந்தது.

மெய்யான பழங்கடிகாரத்தில் காலத்தை அளப்பதே பெண்டுலந்தான். குண்டின் கீழுள்ள திருகைச் சற்று இறக்கினால் நேரம் பிந்தும்; ஏற்றினால் முந்தும். பெண்டுலம் நின்றால் கடிகாரமும் நின்றுவிடும். இந்தப் புதுக் கடிகாரத்திலோ மின்கலமும், வினாடிக்கு 32,768 முறை அதிரும் சிறு குவார்ட்ஸ் படிகமும் வேலையை முடித்துவிடுகின்றன. பெண்டுலத்தைத் தனியே ஒரு காந்தச் சுருள் அழகுக்காக ஆட்டிக்கொண்டிருக்கிறது. நேரம் சரியாகத்தான் காட்டுகிறது. சொல்லப்போனால் பழையதைவிடச் சரியாகவே காட்டும்.

“தாத்தா காலத்துக் கடிகாரமே கிடைத்துவிட்டது, அப்பா என்று தொலைபேசியில் சொன்னாள். அவளிடம் நான் என்னவென்று சொல்வது?” என்றார் நண்பர். நமக்கும் உடனே விடை தோன்றவில்லை.

கடைப் பக்கத்தை எடுத்துக் காட்டச் சொன்னோம். விற்றவர் பொய் எழுதவில்லை. ‘விண்டேஜ் ஸ்டைல்’, ‘ஆண்டிக் பினிஷ்’ என்றே எழுதியிருந்தார். முதலாவது பழைய பாணி என்று பொருள்படும். இரண்டாவது பழுப்பேறியது போன்ற மேற்பூச்சு என்று பொருள்படும். பொருளின் வயதைப் பற்றி இரண்டும் வாய் திறக்கவில்லை. கீழே, சிறிய எழுத்தில், ‘என்ஜினியர்ட் வுட்’ என்றும் இருந்தது. மரத்தூளையோ மரநாரையோ பசையிட்டு அழுத்திய பலகைகளுக்கும் இப்பெயரே வழங்குகிறது. அத்தகைய பலகை ஓதம் ஏறும் சுவரில் உப்பிவிடும். கடலோர ஊர்களில் உள்ளோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

பித்தளைப் பொருள்களிலும் இதே கதைதான். மொராதாபாத் போன்ற ஊர்களின் பட்டறைகளிலிருந்து வரும் புதுப்பித்தளையை இரசாயனத்தால் கறுக்கச் செய்து பழையது போல் ஆக்குகிறார்கள். இவ்வாறு வந்த விளக்கு ஒன்றை நமக்குத் தெரிந்த இல்லத்தரசி ஒருவர் வழக்கம்போலப் புளியிட்டுத் தேய்த்தார். ஒரே நாளில் ‘இருநூறு ஆண்டுப் பழமை’ கழுநீரோடு போயிற்று! அவருக்கு அதில் வருத்தமில்லை. விளக்கு பளிச்சென்று ஆனதே என்று மகிழ்ந்தார். இரும்பின்மீது பித்தளை முலாம் பூசியதாயின் காந்தம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் பித்தளைதான் என்று துணிந்துவிடவும் கூடாது; அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. கையில் தூக்கிப் பார்த்தால் கனம் சொல்லிவிடும். இணையத்தில் தூக்கிப் பார்க்க வழியில்லையாதலால், எடையும் அளவும் குறிப்பிடாத பொருளை விட்டுவிடுவதே நலம். அளவு தெரிந்தால், செய்தித்தாளை அதே அளவில் வெட்டிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். படத்தில் பெரிதாகத் தெரிந்த கடிகாரம் உள்ளங்கை அகலமாக வந்து சேர்ந்ததுண்டு.

பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன்களும் இப்படி விற்கப்படுகின்றன. பழைய பெட்டியின் இயந்திரத்தில் புதுக்குழாயைப் பொருத்தியவை பல. அவற்றின் எஃகு ஊசியில் நீண்ட நேர இசைத்தட்டை வைத்தால் தட்டு பாழாகிவிடும்.

பாணியைப் பின்பற்றிச் செய்வது இழிவு என்று நாம் கூறவில்லை. இரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவியதே, அரண்மனையில் தொங்கிய ஓவியத்தின் படி எளிய வீட்டுச் சுவருக்கும் வர வேண்டுமென்றுதான். அதனை வாங்கி மாட்டியவர் எவரும் மூல ஓவியம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆத்தங்குடியில் கண்ணாடிமீது வண்ணக் கலவையை ஊற்றிச் செய்யும் தரைக்கற்களும், சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் செய்யும் படிமங்களும் பழைய முறையில் இன்று செய்யப்படுபவையே. செய்த ஊரையும் காலத்தையும் சொல்லி விற்கிறார்கள். அதில் குறையேதும் இல்லை.

உண்மையிலேயே நூறாண்டு கடந்த கலைப்பொருள் என்று ஒருவர் விற்பாராயின், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் கேட்டால் பலருடைய ‘தொன்மை’ கரைந்துவிடும். இணைய வணிகத்திற்கென 2020-இல் வந்த விதிகள், பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது, திருப்பி அனுப்பும் முறை என்ன, குறைகேட்கும் அலுவலர் யார் என்பவற்றை வாங்குவோருக்குத் தெரிவிக்கக் கட்டளையிடுகின்றன. சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கவும் கூடாது. அசைந்து கொடுக்காதோர்மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். பொதியைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் பிடித்து வைப்பது வழக்கில் துணைசெய்யும்.

நண்பரிடம் இவற்றைச் சொன்னபோது, திருப்பி அனுப்ப இன்னும் மூன்று நாள்கள் இருந்தன. அன்றிரவு மகளை அழைத்து உண்மையைச் சொல்லிவிட்டதாகப் பின்னர்த் தெரிவித்தார். முதலில் அழுதாளாம். பிறகு, “திருப்பி அனுப்பிவிடுங்கள், அப்பா” என்றாளாம். அவர் இசையவில்லை. “நீ வாங்கித் தந்த கடிகாரம் என்று சொல்லி மாட்டிக்கொள்கிறேன், தாத்தாவின் கடிகாரம் என்று மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம்” என்றாராம்.

பழைய கடிகாரத்தின் சாவி மேசை இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது. விடுமுறைக்கு மகள் வரும்போது, தந்தையும் மகளுமாகப் பக்கத்து நகரத்துப் பழம்பொருள் கடைகளுக்குச் சென்று பார்க்கவிருக்கிறார்கள். சாவியையும் கையோடு கொண்டுசெல்லும்படி சொல்லி வந்தோம்.