கல் இருக்கப் படம் எதற்காம்?

பக்கத்தில் கல்லே நிற்கும்போது பிள்ளைகளுக்குப் படம் எதற்கு என்று ஒரு கட்டுரையில் கேட்கிறார் நண்பர். மாமல்லபுரத்துச் சிற்பங்களை வகுப்பில் திரையில் காட்டி, மாலையில் அதே படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பேசவிடும் செங்கல்பட்டுப் பக்கத்து ஆசிரியர்கள்மேல் அவருக்கு அவ்வளவு கோபம். நேரில் பார்ப்பதுதான் கல்வியாம், படம் சோம்பேறியாக்குமாம், குழு என்றாலே அரட்டையாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஊருக்குப் போய் நின்று பார்த்தவர் எழுதியதுபோலத்தான் தெரியவில்லை.

ஐந்து ரதங்களில் உயரமானது தர்மராஜ ரதம். அதன் மேல்தளங்களைச் சுற்றிச் சிவன், திருமால் வடிவங்கள் வரிசையாக நிற்கின்றன. உச்சித் தளத்துச் சன்னதியில் சோமாஸ்கந்தர் இருக்கிறார். பல்லவ மன்னனின் விருதுப் பெயர்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் பார்வையாளர்களை மேலே ஏற விடுவதில்லை. கீழே மணலில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்தாலும் பாதி தெரியாது. பேருந்து பிடித்துப் போன பிள்ளையும் வகுப்பிலேயே இருந்த பிள்ளையும் அந்தச் சிற்பங்களைப் படத்தில்தான் பார்த்தாக வேண்டும். ‘நேரில் பார்’ என்று உபதேசிக்கிறவர் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறார்? ஏணியா?

சரி, தரையில் நின்றே பார்க்க முடிகிற அர்ச்சுனன் தபசுக்கு வருவோம். ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், 13 மீட்டர் உயரம். பாறையின் இடப்பக்கம், பிளவை ஒட்டி மேலே, ஒற்றைக் காலில் கையைத் தூக்கி நிற்கிறார் தவசி. வலப்பக்கம் கீழே, யானைகளின் அருகில், அதேபோல் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது ஒரு பூனை. அதைச் சுற்றி எலிகள். தவசியையும் பூனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சிற்பியின் குறும்பு பிடிபடும். வேலிக்கு வெளியே, வெயிலில், ‘சீக்கிரம் வாங்க, பஸ் கிளம்புது’ என்று ஆசிரியர் கத்துகிற நேரத்தில் எந்தப் பிள்ளை இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்? திரையில் இரண்டு படங்களை அருகருகே போட்டால் பார்க்கும். அதே ஊரில், அதே காட்சியைச் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட இன்னொரு பாறையும் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை. இந்த இரண்டையும் ஒப்பிட்டால் உளி எங்கே தொடங்கியது, எங்கே நின்றது என்று பத்து வயதுப் பிள்ளையே சொல்லும்.

நண்பரின் உண்மையான பயம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பூனை நிற்கும் அந்தப் பாறையில் இருப்பது அர்ச்சுனன் தவமா, கங்கையை இறக்கிய பகீரதன் தவமா? 1914இல் விக்டர் கொலுபேவ் என்ற அறிஞர் கங்கைதான் என்று வாதிட்டார். பிளவுக்குள் கைகூப்பும் நாகர்கள் அதற்குச் சாட்சி. இல்லை, அர்ச்சுனனேதான் என்று மறுத்தவர்கள் உண்டு. 1994இல் பத்மா கைமல், இரண்டு பொருளும் படும்படி வேண்டுமென்றே செய்தது என்று எழுதினார். யார் செதுக்கச் சொன்னது என்பதும் தீரவில்லை. பல்லவ மன்னன் மாமல்லனின் பெயரில் சொல்லப்பட்டவற்றையும் சேர்த்து எல்லாம் பின்வந்த ராஜசிம்மன் வேலை என்று இரா. நாகசாமி 1962இல் வாதிட்டது இன்றும் சண்டைக்குரிய கருத்து. நூறு வருடமாக அறிஞர்கள் அடித்துக்கொள்ளும் ஒன்றை, ‘அர்ச்சுனன் தபசு’ என்று எழுதினால் ஒரு மதிப்பெண் என்று முடித்துவிடுகிறது நோட்ஸ். குழுவில் ஒரு பெண் ‘நடுவில் பாம்பு ஏன் வருது சார்?’ என்று எழுதிவிட்டால் அந்த ஒரு மதிப்பெண் ஆட்டம் காண்கிறது. இதைத்தான் அவர் அரட்டை என்கிறார்.

படம் சோம்பேறியாக்கும் என்பதில் பாதி உண்மை உண்டு. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறிகளும், 2019இல் கல்வித் தொலைக்காட்சியும் வந்தன. அவற்றால் நன்மைதான். ஆனால் காணொளியை ஓடவிட்டு ஆசிரியர் வருகைப் பதிவேடு எழுதினால் பிள்ளை தூங்கத்தான் செய்யும். கேள்வி இல்லாத படம் சுவரில் தொங்கும் காலண்டர். தலைப்பு இல்லாமல் ஒரு படம், ‘இதில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்’ என்று ஒரு கேள்வி: நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பல வருடங்களாக மாணவர்களுக்கு இதைத்தான் இணையத்தில் வைக்கிறது. பிள்ளைகள் விவாதித்த பிறகே படத்தின் கதை வெளியாகும். அங்கே சோம்பேறிக்கு வேலை இல்லை.

யுனெஸ்கோவின் 2023 அறிக்கையைத் துணைக்கு அழைக்கிறார் நண்பர். அந்த அறிக்கை கேட்பது, தொழில்நுட்பம் கற்றலுக்கு உதவுகிறதா என்பது; சொல்வது, ஆசிரியரின் இடத்தை அது பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது. வகுப்பில் தொடங்கி, மாலையில் தொடர்ந்து, மறுநாள் ஆசிரியர் கரும்பலகையில் முடித்துவைக்கும் பேச்சை அது எங்கே தடுக்கிறது? கொரோனாக் கால ஆன்லைன் வகுப்பை நினைத்துக்கொண்டு எழுதுகிறார் போல. அன்று ஒருவர் பேசினார், மற்றவர்கள் மியூட்டில் இருந்தார்கள். இது அதற்கு நேர் எதிர்.

போன் எல்லோரிடமும் இல்லை என்கிறாரே, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். குப்பத்து வீடுகளில் போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். அதனால்தான் இந்த நேரத்தில் எல்லோரும் வா என்று கட்டாயப்படுத்தாமல், ஒரு படத்தை இரண்டு மூன்று நாள் குழுவில் கிடக்கவிட வேண்டும். போன் கிடைக்காத பிள்ளைகளுக்கு அச்சிட்டு வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும். இதற்காகப் படத்தையே நிறுத்து என்பவர், மதிய உணவில் உப்பு குறைந்தால் உலையையே அணைக்கச் சொல்வார்.

மேலும், கல் அப்படியே நிற்கும் என்று யார் சொன்னது? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் டேனியல் என்ற ஓவியர்கள் வரைந்த மாமல்லபுர ஓவியங்களையும் இன்றைய கரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் அருகிலுள்ள சாளுவன்குப்பத்து முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் தோண்டி எடுக்கப்பட்டது. இன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அந்தக் கரையின் பழைய படத்தைக் குழுவில் போட்டால், ‘இங்கதான் நாங்க வலை காயப்போடுவோம்’ என்று பேத்தியின் போனில் ஒரு பாட்டி குரல் பதிவு அனுப்புவார். வகுப்பறைக்குள் ஒருநாளும் நுழையாத ஒரு சாட்சி அப்படித்தான் பாடத்துக்குள் வருகிறார். அதையும் அரட்டைக் கணக்கில் சேர்ப்பாரா?

ஆசிரியர்களே, நீங்கள் படம் காட்டுவதை நிறுத்தாதீர்கள். பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கும் கூட்டிப் போங்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொல்லியல் துறை கட்டணம் வாங்குவதில்லை. போவதற்கு ஒரு வாரம் முன்னால் அந்தப் பூனைப் படத்தைக் குழுவில் போட்டுவிடுங்கள்.