தோள் ஆறும் வரை...

காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பவளை யாரும் சமையலறைக்குக் கூப்பிடுவதில்லை. தோளில் ஆபரேஷன் ஆனவளோ எழுந்து நடமாடுகிறாள், பேசுகிறாள், சிரிக்கிறாள். ‘இன்னொரு கைதான் இருக்கிறதே, ஒரு ரசம் வைத்தால் என்ன?’ என்று தோன்றிவிடுகிறது. பிறருக்கு அல்ல, அவளுக்கே! பின்னால் வரும் பல தொல்லைகளுக்கு வித்து இந்த எண்ணந்தான்.

தோள் மூட்டைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஆழமில்லாத சிறு தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி அதன் அமைப்பு. பழம் உருண்டு விடாமல் பிடித்துக் கொண்டிருப்பவை, சுற்றியுள்ள நான்கு தசைகளின் நாண்கள். வயது ஏற ஏற இவை நைந்து போகின்றன. வழுக்கி விழுந்தாலோ பாரம் தூக்கினாலோ எலும்பிலிருந்து பிய்ந்து விடுவதும் உண்டு. பிய்ந்த நாணை மறுபடி எலும்போடு சேர்த்துத் தைப்பதுதான் நாம் அடிக்கடி கேள்விப்படும் தோள் சிகிச்சை.

இப்போது இதைப் பெரும்பாலும் சிறு துவாரங்கள் வழியாகவே முடித்துவிடுகிறார்கள். 10, 14 நாட்களில் வெளித் தையலைப் பிரித்து விடுவார்கள். ஆனால் உள்ளே தைத்த நாண் எலும்பை ஓரளவு கெட்டியாகப் பற்றிக்கொள்ளச் சுமார் 12 வாரங்களாகும். வலியோ அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலம் அதுதான். வலி போய்விட்டது என்றால் உள்ளே ஒட்டிவிட்டது என்று அர்த்தமில்லை.

முதல் நாள் கை மரத்தே கிடக்கும். மரப்பு விலகும்போது வலி திடீரென்று கிளம்பும். அதுவும் அநேகமாக இரவில். ஆகவே டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வலி வரட்டும் என்று காத்திராமல் வேளை தவறாமல் சாப்பிடுங்கள். மல்லாந்து படுத்தால் தோள் குடையும். மூன்று நான்கு தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொண்டால் தூக்கம் வரும். கழுத்திலிருந்து கையைத் தாங்கும் தூளிக்கட்டு தூக்கத்திலும் இருக்கட்டும். பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை அது துணை.

முன்பக்கம் திறக்கும் தளர்ந்த ரவிக்கைகளை முன்னதாகவே தைத்து வைத்துக்கொள்ளுங்கள். போடும்போது ஆபரேஷன் ஆன கை முதலில். கழற்றும்போது அது கடைசியில். புடவை கட்டவும் தலை பின்னவும் சில வாரங்களுக்கு வேறொருவர் கை வேண்டும். கேட்க வெட்கப்படாதீர்கள்.

அதற்காகக் கையைப் பொம்மைக் கை மாதிரி வைத்திருக்கவும் கூடாது. விரல்களையும் மணிக்கட்டையும் முழங்கையையும் டாக்டர் சொன்ன நாளிலிருந்து அசைத்து வாருங்கள். முதலில் கையைப் பிறர் பிடித்து அசைப்பது. சுமார் 6 வாரத்துக்குப் பின் தானே தூக்குவது. 12 வாரத்துக்குப் பின் பலம் கூட்டுவது என்று பயிற்சி படிப்படியாக ஏறும். கிழிசலின் அளவைப் பொறுத்து டாக்டர் இதை மாற்றுவார். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி. பழைய பலம் திரும்ப ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

காய்ச்சல், தையலில் சீழ், நாளுக்கு நாள் ஏறும் சிவப்பு, கெண்டைக்கால் வீக்கம், இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சுத் திணறலோ மார்பு வலியோ என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவுடனே வீட்டையும் தயார் செய்யுங்கள். மேல்தட்டு டப்பாக்கள் இடுப்பு உயரத்துக்கு இறங்கட்டும். குக்கரை இறக்குவது யார், குடத்தைத் தூக்குவது யார், கிரைண்டர் கல்லைக் கழுவுவது யார், ஈரத் துணியைக் கொடியில் போடுவது யார் என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்டால் கடைசியில் நீங்கள்தான் பார்த்துக்கொள்வீர்கள்!

ஒருமுறை தைத்த நாண் மறுபடி பிய்ந்தால், இரண்டாவது தையல் முதலாவதைப்போல் லேசில் பிடிப்பதில்லை. மூன்று மாதம் ரசத்தில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் வீட்டார் சாப்பிட்டு விடுவார்கள். நீங்களும் வாய் திறக்காமல் சாப்பிட்டு விடுங்கள். அதுதான் கஷ்டமான பத்தியம்!