வீரமும் வீம்பும்

சென்ற மாதம் நோட்டன் பிரிட்ஜை அடுத்த ஒரு தோட்டத்தில் மென்பந்துக் கிரிக்கெட் ஆட்டம் ஒன்று நடைபெற்றது. மேற்பிரிவு இளைஞருக்கும் கீழ்ப்பிரிவு இளைஞருக்கும் ஆண்டுதோறும் நடக்கும் ஆட்டம் அது. 'சேர் நடுவராக நின்றால் சண்டை வராது' என்று இரு தரப்பாரும் எண்ணியதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர்கள் எண்ணம் எவ்வளவு தூரம் பொய்த்தது என்பதைச் சொல்லாமல் இவ்வாரம் வேறொன்றை எழுத மனம் வரவில்லை.

அந்த மைதானத்தை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு புறம் தேயிலை மலை. மறு புறம் பள்ளம். பள்ளத்துக்குள் பந்தை அடித்தால் ஆறு ஓட்டம் கிடையாது, அடித்தவர் ஆட்டமிழந்தார் என்பதே அங்குள்ள சட்டம். தொலைந்த பந்துக்கு மறுபந்து வாங்க ஹட்டனுக்கு பஸ் ஏற வேண்டுமல்லவா? உலகத்து விதிநூல் எதிலும் இல்லாத இந்தச் சட்டத்தை எவரும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

இறுதி ஓவரில் கீழ்ப்பிரிவுக்கு இரண்டு ஓட்டங்கள் தேவை; கையில் ஒரே விக்கெட். பந்து வீச ஓடி வந்தவன் என் மாணவன். எதிர்முனையில், அதாவது பந்து வீசும் முனையில், ஓடுவதற்கு ஆயத்தமாக நின்றவனும் என் மாணவனே. பந்து கையை விட்டு நீங்குமுன் இவன் கோட்டைத் தாண்டி ஒரு முழம் முன்னேறிவிட்டான். வீச வந்தவன் சட்டென்று நின்று, பந்தோடு கையை வீசி விக்கெட்டைத் தட்டினான்; முறையிட்டான். நான் விரலை உயர்த்தினேன். ஆட்டம் முடிந்தது.

முடிந்தது என்று நான் எண்ணினேன். வென்றவன் நேரே எதிரணியினர் அமர்ந்திருந்த இடத்துக்கு ஓடி, அவர்கள் முன் கைகொட்டி ஆடி, ஆட்டமிழந்தவனுடைய தகப்பனாரைக் குறித்து இரண்டு வார்த்தை சொன்னான். அவற்றை இங்கே எழுதுவதற்கில்லை. இரு அணியினருக்குமாகத் தாய்மார் காய்ச்சி வைத்திருந்த தேநீர் ஆறிப்போயிற்று. கீழ்ப்பிரிவினர் ஒருவரேனும் கை குலுக்காமல் மலையிறங்கிச் சென்றனர்.

திங்கட்கிழமை வகுப்பில், ஒரே வாங்கில் அமரும் அவ்விருவரும் இரு மூலைகளில் இருந்தனர். பாடம் முடிந்ததும் பந்து வீசியவன் என்னிடம் வந்தான். "சேர், நான் விதிப்படிதானே செய்தேன்? நீங்கள்தானே விரலை உயர்த்தினீர்கள்? பிறகு ஏன் எல்லாரும் என்னைக் கள்ளனைப் போலப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டான். உடனே விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் விதியைப் பார்ப்போம். 1947ஆம் ஆண்டு டிசம்பரில் சிட்னி நகரில் இந்தியப் பந்துவீச்சாளர் வினூ மங்கட், அவுஸ்திரேலியரான பில் பிரவுணை இவ்வாறே ஆட்டமிழக்கச் செய்தார். அதற்கு முன் அச்சுற்றுப்பயணத்தின் வேறோர் ஆட்டத்தில் அவரை எச்சரித்தும் இருந்தார். அவுஸ்திரேலிய அணியின் தலைவரான பிராட்மனே பின்னர் மங்கட்டின் பக்கம் பேசினார். ஆயினும் அந்த நல்ல பந்துவீச்சாளரின் பெயர் பல்லாண்டுகள் ஒரு வசைச் சொல்லாக உலகெங்கும் வழங்கி வந்தது. முன்னே ஓடி ஓட்டத்தைத் திருடப் பார்த்தவர் பெயருக்கு யாதொரு களங்கமும் இல்லை. காவல் காத்தவருக்குக் களங்கம்! 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் இவ்வகை ஆட்டமிழப்பை 'நேர்மையற்ற ஆட்டம்' என்னும் பகுதியிலிருந்து நீக்கிச் சாதாரண 'ரன் அவுட்' விதியோடு சேர்த்துவிட்டார்கள். தாமதமாகவேனும் செய்த நியாயம் என்றே சொல்வேன். ஆகவே என் விரல் உயர்ந்ததில் பிழையில்லை.

நிற்க. விதி ஒன்று, நியாயம் ஒன்று என்று நாம் பேசும்போதெல்லாம் நாம் எந்த அணி என்பதைப் பொறுத்தே பேசுகிறோம். இதற்கு நம் நாட்டு வீரர் ஒருவருடைய அனுபவத்தை விட நல்ல சான்று கிடையாது. 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில், சசித்ர சேனாநாயக்க ஜோஸ் பட்லரை மேற்சொன்ன முறையில் ஆட்டமிழக்கச் செய்தார். இரு முறை எச்சரித்த பின்னரே செய்தார். முறையீட்டைக் கைவிடுகிறீர்களா என்று நடுவர் கேட்டபோது, கைவிடுவதில்லை என்று உறுதியாக நின்றவர் அணித் தலைவர் அஞ்சலோ மாத்யூஸ். இங்கிலாந்துக் கூட்டம் கூச்சலிட்டது. நாம் இங்கே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, 'விதி விதிதான்' என்று தொடையைத் தட்டினோம்.

ஒன்பது ஆண்டுகள் சென்றன. 2023 நவம்பர் 6ஆம் திகதி, டெல்லியில் உலகக் கிண்ண ஆட்டம். துடுப்பாட வந்த அதே மாத்யூஸின் தலைக்கவசத்து வார் அறுந்துபோயிற்று. வேறு கவசம் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினார். இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ள ஆயத்தமாகவில்லை என்று பங்களாதேஷ் தலைவர் சாகிப் அல் ஹசன் முறையிட்டார். மாத்யூஸ் நேரில் சென்று கேட்டும் சாகிப் இறங்கி வரவில்லை. ஒரு பந்தையும் எதிர்கொள்ளாமல் மாத்யூஸ் வெளியேறினார். சர்வதேச கிரிக்கெட் தொடங்கிய நாள் முதல் அன்று வரை அவ்வாறு நேரம் கடந்ததற்காக ஆட்டமிழந்தவர் வேறெவரும் இலர். அன்று நம்மில் எத்தனை பேர் 'விதி விதிதான்' என்று தொடையைத் தட்டினோம்?

பாரதக் கதையில் தேர்க்கால் புதைந்த கர்ணனை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியாது. சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே போர் நெறியைப் பேசினான் கர்ணன். அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்ற அன்று அந்நெறி எங்கே போயிருந்தது என்று கண்ணன் கேட்டான். அருச்சுனன் அம்பு பாய்ந்தது. நம் தோட்டங்களில் பாரதக் கதை நடக்கும் இரவுகளில் இந்தக் கட்டம் வந்ததும் பெரியவர்கள் இரு பிரிவாகப் பிரிந்து வாதிடுவதைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். இன்றும் அவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை.

ஆனால் எட்ஜ்பாஸ்டனும் டெல்லியும் ஒன்றல்ல என்பது என் துணிபு. பட்லர் கோட்டைத் தாண்டி நின்று தமக்கு உரிமையில்லாத இரண்டு அடியைத் தினமும் சம்பாதித்துக்கொண்டிருந்தார். அதை நிறுத்தும்படி இரு முறை சொல்லியும் ஆயிற்று. அறுந்த வாரினால் மாத்யூஸுக்கு என்ன லாபம்? ஓர் ஓட்டமும் இல்லை, ஓர் அடி நிலமும் இல்லை. எதிரி எதையேனும் திருடும்போது அவன் கையைப் பிடிப்பது ஆட்டத்தின் கண்டிப்பு. திருடாதவன் தடுமாறி நிற்கும்போது அவன் மடியைப் பிடிப்பது வேறு.

இன்னொரு நிகழ்ச்சி. 2006 டிசம்பரில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் டெஸ்ட் ஆட்டம். எதிர்முனையில் கடைசி விக்கெட்டான முத்தையா முரளிதரனை வைத்துக்கொண்டு குமார் சங்கக்கார நூறாவது ஓட்டத்தை எடுத்தார். முரளி தம் கோட்டைத் தொட்டுவிட்டு, நண்பரை வாழ்த்த நடந்து சென்றார். களத்திலிருந்து வந்த பந்தை வாங்கிய விக்கெட் காப்பாளர் பிரண்டன் மக்கலம் விக்கெட்டை வீழ்த்தினார். விதிப்படி பந்து இன்னும் ஓயவில்லை. முரளி ஓட்டமெடுக்கப் போகவில்லை, கை குலுக்கப் போனார் என்பது மைதானத்தில் இருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது. ஆயினும் நடுவர்களுக்கு வேறு வழியில்லை.

பத்தாண்டு கழித்து 2016இல், லோர்ட்ஸில் கிரிக்கெட்டின் பண்பைக் குறித்துச் சொற்பொழிவாற்ற வந்த மக்கலம், அன்று செய்தது தவறென்று முரளியிடமும், அவையிலேயே இருந்த சங்கக்காரவிடமும் மன்னிப்புக் கோரினார். அவரை நான் மதிக்கிறேன். ஆயினும் விதியின் விளையாட்டைப் பாருங்கள்: 2023 ஜூலையில் அதே லோர்ட்ஸில், பந்து ஓய்ந்துவிட்டது என்று கருதிக் கோட்டை விட்டு நடந்த ஜொனி பெயர்ஸ்டோவை அவுஸ்திரேலிய விக்கெட் காப்பாளர் வீழ்த்தியபோது, மனம் நொந்து பேசிய இங்கிலாந்துப் பயிற்றுநர் வேறு யாருமல்லர், மக்கலமே!

நம்மவர் மட்டும் எப்போதும் பாதிக்கப்பட்ட தரப்பு என்று எண்ணிவிட வேண்டா. 2010 ஆகஸ்ட்டில் தம்புள்ளையில், இந்தியாவுக்கு வெற்றிக்கு ஓர் ஓட்டமும் வீரேந்தர் சேவாக்குக்குச் சதத்துக்கு ஓர் ஓட்டமும் தேவைப்பட்ட வேளையில், சூரஜ் ரன்தீவ் வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி மிதித்து நோபோல் வீசினார். சேவாக் அதை ஆறாக அடித்தும் அது கணக்கில் வரவில்லை. அவர் 99இல் நின்றார். நம் கிரிக்கெட் நிறுவனமே ரன்தீவுக்கு ஓர் ஆட்டத் தடையும், டில்ஷானுக்கு அபராதமும் விதித்தது. தோல்வி உறுதியான பின் எதிரியின் மகிழ்ச்சியையாவது கெடுப்போம் என்பதில் வீரம் எங்கே இருக்கிறது? அது வெறும் வீம்பு.

இவ்வளவும் படித்துவிட்டு, விளையாட்டில் கோபமே ஆகாது என்று நான் சொல்வதாக மாணவர்கள் கருதிவிடக் கூடாது. சாதுவாக ஆடுகிறவனோடு ஆடுவதில் சுவையில்லை. நம் ஊர்க் கெஹெல்கமு ஓயா மழை நாளில் எப்படி இரைந்து வருகிறது என்பதை அறிவோம். அந்த வேகத்தை அணையில் நிறுத்திக் குழாயில் இறக்கியதனால்தானே 1950 முதல் லக்சபானவில் விளக்கெரிகிறது? வேகமே இல்லாத ஓடைக்கு எவரும் அணை கட்டுவதில்லை.

1999 ஜனவரியில் அடிலெய்ட் மைதானத்தில் அர்ஜுன ரணதுங்க காட்டிய கோபத்தை நான் மறக்கமாட்டேன். நடுவர் ரொஸ் எமர்சன், முரளி பந்தை எறிகிறார் என்று நோபோல் சொன்னார். 1995 இறுதியில் மெல்போர்ன் நகரில் தொடங்கிய பழி அது. தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடி வந்தவரின் பேரன் முரளி. அவருக்காகச் சிங்களத் தலைவர் அணி முழுவதையும் எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். நடுவரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். விரல் நீட்டியது அதிகம்தான். அபராதமும், ஒத்திவைக்கப்பட்ட ஆறு ஆட்டத் தடையும் அதற்குக் கிடைத்தன. ஆனால் பேச்சு முடிந்ததும் அவர் அணியைத் திரும்ப அழைத்து வந்தார். முரளி தொடர்ந்து பந்து வீசினார். 303 என்னும் இலக்கை மஹேல ஜயவர்தனவின் சதத்தோடு ஒரு விக்கெட்டால் நாம் எட்டினோம். கோபம் ஆட்டத்துக்குள் திரும்பி வந்து வேலை செய்தது. அதே ஆட்டத்தில் ரொஷான் மஹாநாமவும் டரன் கொஃப்பும் ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டதையும், கொஃப் தலையால் முட்டுவதுபோலப் பாவனை செய்ததையும் எவரும் பெருமையாகப் பேசுவதில்லை. முரளியோ அத்தனை பழிக்கும் பின்னர், 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு விடைபெற்றார்.

இனி என் மாணவனிடம் வருகிறேன். சென்ற வாரம் அவனை அழைத்து, விக்கெட்டைத் தட்டியதில் நீ கள்ளனல்ல என்றேன். ஒரு முறை எச்சரித்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும். ஆனால் அது உன் பெருந்தன்மையைப் பொறுத்தது, உன் கடமையல்ல. பந்து ஓய்ந்த பின் நீ ஓடிப்போய்ச் சொன்ன வார்த்தைகளை எந்த விதியில் சேர்ப்பது என்று கேட்டேன். தலை குனிந்தான். டெல்லியில் மாத்யூஸும், பிறகு சாகிப்பைத் தாமே ஆட்டமிழக்கச் செய்து, மணிக்கட்டைத் தொட்டுக் காட்டிப் பழி தீர்த்தார். ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் கை குலுக்கவில்லை. அவரை நொந்துகொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் அதைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் மணிக்கட்டைத் தட்டப் பழகினார்கள்.

அவனிடம் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அவன் அந்த வார்த்தைகளைச் சொன்னபோது நான் பத்தடி தூரத்தில் ஓட்டப் புத்தகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. நடுவரின் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி, தலையை உயர்த்தாமல் கூட்டலைத் தொடர்ந்தேன். அடுத்த வாங்கில் இருப்பவன் இழந்தது ஒரு விக்கெட் மட்டும் என்றால் அவன் இத்தனை நாள் முகம் திருப்பி இருக்க மாட்டான்.

அவனையும் அழைத்துப் பேசினேன். "நான் வெளியேதான் நின்றேன், சேர். அது எனக்குத் தெரியும்" என்றான். பிறகு சற்று நேரம் கழித்து, "அப்பா அன்று மைதானத்தில் இருந்தார்" என்றான்.

மறு ஆட்டம் வைக்க வேண்டுமென்று இரு பிரிவினரும் கேட்டிருக்கிறார்கள். நடுவராக என்னையே நிற்கச் சொல்கிறார்கள். ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் கீழ்ப்பிரிவு லயத்துக்கு ஒரு மாலை போய்வர வேண்டும். அம்மாணவனும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.