கர்ப்பிணிக்குத் தேகப்பயிற்சி தேவையா?

உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு இரண்டு விதமான புத்திமதி கிடைக்கிறது. "குனிந்து நிமிர்ந்து வேலை செய், சுகப் பிரசவம் ஆகும்" என்பது ஒன்று. "அசையாமல் படுத்திரு, கருவுக்கு ஆகாது" என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே வீட்டுப் பெரியவர்கள்தான்! நடுவில் விழிப்பது இளந்தாயின் பாடு.

வைத்திய உலகம் இதற்குத் தெளிவாகவே விடை கூறியிருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வேறு கோளாறு இல்லாத கர்ப்பிணிகளும், பிள்ளை பெற்ற தாய்மார்களும் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான தேகப்பயிற்சி செய்ய வேண்டும். தினம் அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச்சுத் தடைப்பட்டு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள்.

பலன் என்ன?

அளவுக்கு மீறிப் பருமன் ஏறுவது குறைகிறது. கர்ப்ப கால ரத்தக் கொதிப்பும், சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பும் குறைகிறது. கிராமத்துப் பெண்ணுக்குச் சர்க்கரை நோய் ஏது என்று கேட்கலாம். டாக்டர் வி. சேஷய்யா குழுவினர் தமிழ்நாட்டில் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நகரத்துக் கர்ப்பிணிகளில் 100-க்கு 17.8 பேருக்கும், கிராமத்தில் 9.9 பேருக்கும் அந்நோய் இருந்தது. பத்துப் பேரில் ஒருவர் என்பது அலட்சியம் செய்யத் தக்க கணக்கா?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். இதற்குக் காரணங்கள் பல. நடந்தால் மட்டும் கத்தி தப்பிவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் பழக்கப்பட்ட தேகம் பிரசவ வேதனையைத் தாங்கவும், பின்னர் விரைவில் தேறவும் வல்லது.

உழைப்பும் பயிற்சியும்

நாற்று நடுவதும் களை எடுப்பதும் பயிற்சி ஆகாதா? இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். களைத்தபோது நிறுத்திக்கொள்ளக் கூடியது பயிற்சி. கூலிக்குச் செய்யும் வேலையை அப்படி நிறுத்த முடியுமா? வெயிலில் மணிக்கணக்காகக் குனிந்திருப்பதும், கனத்த சுமை தூக்குவதும் கர்ப்பிணிக்குக் கேடே. அவளுக்கு முதல் தேவை நிழலும், தண்ணீரும், வயிறார உணவும். அதே ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் ரத்த சோகை உடையவர்கள். சோகை கடுமையாக உள்ளவர் டாக்டரைக் கேளாமல் பயிற்சியில் இறங்கக் கூடாது.

மறுபுறம், அம்மியும் உரலும் ஓய்ந்து மிக்ஸியும் கிரைண்டரும் வந்துவிட்டன. அந்தச் சுமை நீங்கியது நல்லதே. ஆனால் அதோடு போன அசைவை நடையால் ஈடு செய்ய வேண்டும்.

பச்சை உடம்பு

பிரசவத்துக்குப் பின் "பச்சை உடம்பு" என்று நாள் முழுதும் படுக்க வைப்பது வழக்கம். ஓய்வு அவசியம், ஆனால் ஓயாமல் படுத்திருந்தால் கால் நரம்புகளில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. சிசேரியன் ஆனவரும் டாக்டர் அனுமதித்தவுடன் மெல்ல நடக்க வேண்டும். வயிற்றுக்கான பயிற்சிகளை டாக்டரின் யோசனைப்படி பின்னர் தொடங்கலாம். மிதமான பயிற்சியால் தாய்ப்பால் குறையாது.

இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசியும் உபாதையை எத்தனையோ தாய்மார்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948-ல் இதற்கு எளிய பயிற்சியை விளக்கினார். சிறுநீரை அடக்குவது போல அடிவயிற்றுக்குக் கீழுள்ள தசைகளைச் சில விநாடி இறுக்கித் தளர்த்த வேண்டும். இப்படிப் பத்துத் தடவை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம். காலணாச் செலவில்லை!

எச்சரிக்கையும் வேண்டும். உதிரப் போக்கு, நீர்க்கசிவு, தலைசுற்றல், மார்பு வலி, கடும் தலைவலி, கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நச்சுக்கொடி கீழிறங்கியவர்களும், குறைப் பிரசவ அபாயம் உள்ளவர்களும் டாக்டர் சொற்படியே நடக்க வேண்டும்.

அரை மணி எங்கே?

இவ்வளவும் சரி, சமையல், தண்ணீர், மாடு, மூத்த குழந்தை என்று சுழலும் பெண்ணுக்கு அரை மணி எங்கிருந்து வரும்? கணவனும் மாமியாரும் மனம் வைத்தால்தான் வரும். ஊரும் மனம் வைக்க வேண்டும். ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் அமைத்து, அதன் விதிகளை 919, 921-ம் ஆண்டுகளில் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். இன்று தமிழகத்து உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்பது 2016-ல் வந்த சட்டம். கர்ப்பிணிகள் மாலையில் அச்சமின்றி நடக்க விளக்குள்ள ஒரு பாதையும், பயிற்சி சொல்லிக் கொடுக்கக் கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஓர் இடமும் வேண்டும் என்று சுற்றுக் கிராமங்களின் கிராம சபைகள் தீர்மானிக்கலாமே! தாய்க்குக் கிடைக்கும் அந்த அரை மணி, பிறக்கப் போகும் குழந்தைக்கும் சேர்த்துக் கிடைப்பதல்லவா?